சுனிதா வில்லியம்ஸ் விண்வெளியில் சிக்கிக்கொண்டாரா?

எட்டு நாள் என்று சொல்லிப் போனவர்கள் 286 நாள் கழித்து வந்தால் வதந்திக்குப் பஞ்சமிருக்காது. போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனரில் 2024 ஜூன் 5 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட நாசா வீரர்கள் சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் கதையும் அப்படித்தான்.

நம்பிக்கை: திரும்பி வர வாகனமே இல்லை, 2025 மார்ச்சில்தான் மீட்புக் கலம் போனது.

ஸ்டார்லைனர் காலியாகத் திரும்பிய அதே 2024 செப்டம்பரின் இறுதியிலேயே க்ரூ-9 டிராகன் கலம் நிலையத்துக்குப் போய்விட்டது. நால்வர் அமரும் கலத்தில் இரண்டு பேர்தான் ஏறினார்கள். மற்ற இரண்டு இருக்கைகளும் இவர்களுக்காகவே காலியாக விடப்பட்டவை. அவசரமென்றால் அன்றே கிளம்பியிருக்கலாம். மார்ச்சில் போன க்ரூ-10, நிலையத்தின் வேலைக்கு மாற்று ஆட்களைக் கொண்டுபோன கலம். மார்ச் 18 அன்று ஃப்ளோரிடா கடலில் இறங்கியதோ, ஏறக்குறைய ஆறு மாதமாக அங்கேயே நின்ற க்ரூ-9.

நம்பிக்கை: சாப்பாடில்லாமல் சுனிதா மெலிந்துபோனார்.

ஒரு புகைப்படத்தை வைத்துக் கிளப்பிய கதை. எடை குறையவில்லை என்று அவரே சொன்னார். உணவோடு சரக்குக் கலங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. குறைந்தது மாற்றுத் துணிதான்! நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரிக்கும் கருவியின் பம்ப் பழுதாகிவிட, புதிய பம்புக்கு இடம்விட்டு இருவரின் துணிப்பெட்டிகளும் பூமியிலேயே தங்கிவிட்டன. இதற்கிடையே சுனிதா நிலையத்தின் தளபதியானார். ஜனவரியில் இரண்டு முறை விண்நடை போய், தன் வாழ்நாள் விண்நடை நேரத்தை மொத்தம் 62 மணி 6 நிமிடமாக்கி, பெண்களில் சாதனை படைத்தார்.

நம்பிக்கை: அந்த ஒன்பது மாதமும் உயிர் ஊசலாடியது.

ஊசலாடியது ஜூன் 6 அன்று, நிலையத்தை நெருங்கும்போது. உந்துபொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான்கு போனதும் கலத்தை எல்லாத் திசைகளிலும் முழுதாகக் கட்டுப்படுத்த முடியவில்லை. விதிப்படி விலகிப்போக வேண்டும். ஆனால் அந்த நிலையில் பூமிக்குத் திரும்ப முடியுமா என்பதே தனக்குத் தெரியவில்லை என்று வில்மோர் பின்னர் சொன்னார். தரைக் கட்டுப்பாட்டு அறை, கருவிகளிலிருந்து கையை எடுக்கச் சொல்லி உந்துபொறிகளை மறுபடி இயக்கிப் பார்த்தது. சில உயிர்பெற்றன, ஐந்தாவது ஒன்று நின்றது, மீண்டும் முயன்றார்கள். நின்ற ஐந்தில் நான்கு திரும்பிய பிறகுதான் கலம் நிலையத்தோடு இணைந்தது. நாம் பதறியிருக்க வேண்டிய நாள் அது. அன்று நம்மில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு பயணம் நடப்பதே தெரியாது.

நம்பிக்கை: ஸ்டார்லைனர் காலியாகவே பத்திரமாக இறங்கியது, நாசா வீணாகப் பயந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் நியூ மெக்சிகோவில் அது நன்றாகவே இறங்கியது. ஆனால் சூட்டில் உந்துபொறிக்குள் டெஃப்லான் அடைப்பான் உப்பி உந்துபொருளை மறித்திருக்கலாம் என்று ஆகஸ்டில் பொறியாளர்கள் சந்தேகித்தார்கள். திரும்பும் வழியில் உந்துபொறிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இறங்கும்போதும் வேறொரு உந்துபொறி வேலை செய்யவில்லை.