ஃபெயிலானவர்களைக் கேள்

அன்புள்ள கயல்,

மருத்துவக் கல்லூரி சாய்ஸ் ஃபில்லிங்குக்கு நீ எழுதி வைத்திருக்கும் வரிசையைப் பார்த்தேன். கட்ஆஃப் எங்கே அதிகமோ அதை மேலே போட்டிருக்கிறாய். எல்லாரும் செய்வதுதான். ஆனால் கட்ஆஃப் போன வருஷம் சேர்ந்தவர்களின் மார்க்கைச் சொல்லும். சேர்ந்த பிறகு அவர்களை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைச் சொல்லாது. நாலரை வருஷப் படிப்பு, அதற்குமேல் ஒரு வருஷம் சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற கட்டாய இன்டர்ன்ஷிப். முதல் இரண்டு மூன்று இடங்களையாவது நேரில் பார்த்துவிட்டு வரிசையை முடிவு செய்.

போனால் டாப்பரைத் தேடாதே. அவர் எந்தக் கல்லூரியில் போட்டாலும் படித்துக்கொள்வார். முதல் வருஷத்தில் ஃபெயிலாகி, சப்ளிமெண்டரி எழுதி மேலே வந்த ஒருவரைப் பிடி. அப்படிப்பட்டவர்கள் எங்கும் இருப்பார்கள். இன்றைய விதிப்படி முதல் எம்.பி.பி.எஸ். தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான். அதனால் ஒரு தடவை தவறினாலே கிலி பிடித்துவிடும். அந்த நேரத்தில் டிபார்ட்மெண்டில் யாராவது கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்களா? இன்டர்னல் பேப்பரைப் பிரித்து, எங்கே கோட்டைவிட்டாய் என்று காட்டினார்களா? இல்லை, அப்பாவை வரவழைத்துக் கையெழுத்து வாங்கியதோடு சரியா? பதிலில் ஓர் ஆசிரியரின் பெயர் தானாக வந்து விழுந்தால் நல்ல அடையாளம். “மென்டர்னு லிஸ்ட்ல ஒருத்தர் இருக்காங்க” என்று இழுத்தால், அந்த மென்டர் லிஸ்டில் மட்டும்தான் இருக்கிறார்.

அடுத்து ஓ.பி. அரசு மருத்துவமனையில் அதுவரை போக யார் சிபாரிசும் வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து, சீஃப் டாக்டரைச் சுற்றி நிற்கும் மாணவர்களைக் கவனி. கால் வீங்கிய ஓர் அம்மா வருகிறார் என்று வை. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திச் சில நொடி பிடிக்க வேண்டும். பையன் பதற்றத்தில் தொட்டதும் எடுத்துவிடுகிறான். ஒரு சீஃப், “நீயெல்லாம் எப்படித்தான் சீட் வாங்குனியோ” என்று அந்த அம்மா முன்னாலேயே கேட்பார். இன்னொருவர் அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, பள்ளம் விழுவதைக் காட்டிவிட்டு, “வலிக்குதாம்மா?” என்று கேட்பார். முதலாமவரிடம் படித்தவன் சி.ஆர்.ஆர்.ஐ. ஆன பிறகும் இரவு டியூட்டியில் சந்தேகம் வந்தால் போன் செய்யத் தயங்குவான். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. அதனால்தான், இதை மாணவர் மனம் நோகிற விஷயம் என்று மட்டும் நான் பார்ப்பதில்லை.

சி.ஆர்.ஆர்.ஐ.க்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பார். ரத்த மாதிரி டியூப்களைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு நடப்பது எங்கும் உண்டு. நாள் முழுக்க அதுதான் வேலை என்றால், அங்கே ஆள் பற்றாக்குறையை மாணவரை வைத்து ஓட்டுகிறார்கள்.

ராகிங் பற்றி உன் அம்மா கேட்கச் சொன்னாள். 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். மறு வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று எல்லாக் கல்லூரியிலும் தடைக் குழு, போர்டு, ஹெல்ப்லைன் எண் உண்டு. போர்டைப் படித்து ஒன்றும் தெரியாது. முதல் வருஷப் பெண்களிடம், “ராத்திரி பத்து மணிக்கு மேல உங்க ஹாஸ்டல் பிளாக்குக்கு யார் வருவாங்க?” என்று கேள். உடனே பதில் வருகிறதா, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா, அதைக் கவனி.

தனியார் கல்லூரி என்றால், கதவில் இருக்கும் பேராசிரியர் பெயரைச் சொல்லி, எப்போது கடைசியாக வகுப்பெடுத்தார் என்று மாணவர்களிடம் விசாரி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் முகம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் வேறு தலைவலி: நல்ல ஆசிரியர் அடுத்த வருஷம் டிரான்ஸ்ஃபரில் போய்விடலாம். ஆகவே ஒரே ஒருவர் புகழை நம்பிச் சேராதே. ஒரு டிபார்ட்மெண்டில் நாலு பேரைப் பற்றியாவது நல்ல வார்த்தை வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போய் கட்டடம் பார்த்துவிட்டு வராதே; வார நாளில், காலை ஒன்பதரைக்குள் போ. அப்பாவைக் கேன்டீனில் உட்கார வைத்துவிடு. அவர் பக்கத்தில் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அன்புடன்,
பெரியப்பா