மனநலப் பணிக்கு அறக்கட்டளை நிதியுதவி: விண்ணப்பம் எழுதுமுன் செய்ய வேண்டிய கணக்கு

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது 1982-ஆம் ஆண்டில். மனநோய்க்கான சிகிச்சை பெரிய மருத்துவமனைகளின் மதில்களுக்குள் அடங்கிவிடாமல் சிற்றூர் வரை செல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை நோக்கம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்து, இது நடைமுறையில் இயலக்கூடியதே என்று காட்டியது. அதையொட்டி 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் பின்னர் படிப்படியாக நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும், 2015-16-ல் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் சிகிச்சை பெறாதோர் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகவும் தெரிவித்தது.

இந்த இடைவெளியில்தான் தன்னார்வ நிறுவனங்கள் பணிபுரிகின்றன. அவற்றின் பணிக்குப் பெரும்பாலும் அறக்கட்டளைகளின் நிதியுதவியே ஆதாரம். அத்தகைய நிதி கோரி வரும் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துரைக்கும் பணி இக்கட்டுரையாளருக்குச் சில ஆண்டுகள் வாய்த்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே விதமாகத் தொடங்கும். முதல் மூன்று பக்கங்கள் துன்பத்தின் அளவை விவரிக்கும். நாடு முழுவதற்குமான புள்ளிவிவரங்கள் நிரம்பியிருக்கும். சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒருவரின் நிழற்படமும் சிலவற்றில் இருக்கும். அந்த மனிதரின் ஒப்புதல் பெறப்பட்டதா என்ற குறிப்பு இராது. நிதி முடிந்த மறுநாள் நோயாளிக்கு மாத்திரை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கடைசிப் பக்கம் வரை தேடினாலும் கிடைக்காது. விண்ணப்பம் அந்த மறுநாளிலிருந்து பின்னோக்கி எழுதப்பட வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கையும் கால்நடையும்

எடுத்துக்காட்டாக, வயது வந்தோர் ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு வட்டாரத்தைக் கொள்வோம். மேற்சொன்ன தேசிய ஆய்வின்படி கடும் மனநோய் உள்ளோர் ஏறத்தாழ 0.8 சதவீதம். அதாவது நம் வட்டாரத்தில் 800 பேர். அவர்களுள் 600 பேர் சிகிச்சை பெறாதவர்கள் என்று வைத்துக்கொண்டு, அனைவரையும் திட்டத்திற்குள் கொண்டுவருவதாக நிறுவனம் எழுதுகிறது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது.

இனி, கள ஊழியரின் நாளைப் பார்ப்போம். சிற்றூர்களுக்கிடையே பயணம் செய்து, வீட்டாருடன் அமர்ந்து பேசி, மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வீடுகளுக்குமேல் இதைச் செம்மையாகச் செய்ய இயலாது. மாதத்திற்கு 22 வேலை நாட்கள் என்றால் ஓர் ஊழியருக்கு 110 வீடுகள். 600 பேரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டுமானால் ஆறு ஊழியர்கள் தேவை. விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலிலோ இரண்டு ஊழியர்களுக்கே சம்பளம் காட்டப்பட்டிருக்கும். படிப்பவர் இதைக் கண்டதும் முன்பக்கங்களில் எழுதப்பட்ட அனைத்தையும் ஐயத்துடனேயே நோக்குவார்.

இரண்டு ஊழியர்களுக்கே நிதி கிடைக்குமெனில் 220 பேர் என்று எழுதுவதே நேர்மை. அந்த 220 பேரும் இரு மாதங்களுக்கு ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் மாதத்திற்கு 110 பேர். ஒரு முகாம் நாளில் 40 பேருக்கு மேல் பார்த்தால் அது சிகிச்சையாகாது, மாத்திரை வழங்குதலே ஆகும். ஆகவே மாதம் மூன்று முகாம் நாட்கள். மூன்று நாட்களுக்கு மருத்துவரின் ஊதியமும் வாகனச் செலவும். செலவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் இவ்வாறு ஒரு நோயாளியின் வீட்டு வாசலிலிருந்து கணக்கிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். 220 என்ற எண் 600-ஐவிடச் சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. நிதி வழங்குவோரில் அனுபவமுள்ளவர்கள் சிறிய எண்ணைக் கண்டு விலகுவதில்லை. கணக்குக்கு ஒவ்வாத பெரிய எண்ணைக் கண்டே விலகுகின்றனர்.

மருந்துச் செலவில் ஒரு பொதுவான விடுபாடு உண்டு. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் கொடுக்கப்படுவோருக்கு இரத்தத்தில் அதன் அளவைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பரிசோதித்தாக வேண்டும். அளவு மிகுந்தால் நஞ்சாகும். மாத்திரையின் விலையை எழுதும் பலர் பரிசோதனைக் கட்டணத்தையும், பரிசோதனைக்கூடம் உள்ள நகருக்கு நோயாளியும் துணைக்கு ஒருவரும் சென்று திரும்பும் பேருந்துக் கட்டணத்தையும் எழுதுவதில்லை. துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார் என்பதும் கணக்கில் சேராமலே போகிறது.

மூன்றாம் ஆண்டுக்குப் பின்

அறக்கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே உதவுகின்றன. மனச்சிதைவு நோயோ பலருக்கு நெடுங்காலம் தொடர்வது. மருந்து திடீரென நின்றால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகுதி. இரண்டு ஆண்டுகள் தெளிந்து, வயல் வேலைக்குத் திரும்பி, வீட்டில் மதிப்பைப் பெற்ற ஒருவர் திட்டம் முடிந்த ஆறாவது மாதத்தில் மீண்டும் நோயுற்றால், குடும்பம் அடுத்த முறை எந்த நிறுவனத்தையும் நம்பாது. தொடங்காமலிருந்த பணியைவிட இடையில் கைவிடப்பட்ட பணி கூடுதல் தீங்கு செய்யக்கூடும் என்று கூறுவது மிகையன்று.

எனவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பாகவே மாவட்ட மனநலத் திட்ட அலுவலரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் சென்று காண வேண்டும். எந்தெந்த மருந்துகள் அங்கே வழக்கமாக இருப்பில் உள்ளன, எவை அடிக்கடி தீர்ந்துபோகின்றன என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அரசு நிலையத்தில் கிடைக்காத விலையுயர்ந்த மருந்தில் நோயாளியைப் பழக்கிவிட்டுப் பின்னர் அரசிடம் ஒப்படைப்பது முறையன்று. முதலாண்டில் மருந்து முழுவதையும் நிறுவனம் வாங்குவது, இரண்டாம் ஆண்டில் பாதி நோயாளிகளை அரசு நிலையப் பதிவேட்டுக்கு மாற்றுவது, மூன்றாம் ஆண்டில் இருப்புத் தீரும் மாதங்களுக்கு மட்டும் நிறுவனம் துணைநிற்பது என்பது போன்ற படிமுறை, நீண்ட வாக்குறுதிகளைவிட மதிப்புடையது. அதனுடன் மாவட்ட அதிகாரியின் ஒப்புதல் கடிதமும் இணைக்கப்பட்டால், விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகள் சற்று வலுக்குறைந்திருந்தாலும் அது பரிசீலனைக்கு உரியதாகிறது. பணம் தவணைகளில் வரும், இரண்டாம் தவணை தாமதமாகவே வரும் என்பதையும் எதிர்பார்த்து, இரண்டு மாத மருந்தைக் கைவசம் வைக்க முதல் தவணையிலேயே இடம் செய்துகொள்ளுதல் நலம்.

மருந்தைத் தவிர வேறு வகையான தொடர்ச்சியும் உண்டு. புணேயிலுள்ள இந்தியச் சட்டச் சங்கத்தின் மனநலச் சட்ட, கொள்கை மையம் நடத்திய ஆத்மீயதா திட்டம் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் குஜராத்தின் மெஹ்சானாவுக்குச் சென்றது. ஊரிலேயே வாழும் தொண்டர்கள் துயருற்றோருக்கு ஆலோசனை தந்ததோடு, அரசின் சமூகநல உதவிகளைப் பெறவும் வழிகாட்டினர். ஓய்வூதியமோ மாற்றுத்திறனாளி சான்றிதழோ கிடைத்துவிட்டால் அது நிதியுதவி முடிந்த பின்னும் வீட்டில் தங்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இத்தனை பேருக்குச் சான்றிதழ் பெற்றுத்தருவோம் என்ற இலக்கை விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் கேட்பது, எந்தத் தகுதியுடன்

இப்பகுதியில் சட்ட நுட்பங்கள் பல. பட்டயக் கணக்கரின் துணையின்றி இறங்கலாகாது. சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு பெற்றிருத்தல், வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறநிறுவனப் பதிவு, தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆகியவை எவ்விடத்தும் கேட்கப்படுபவை.

கம்பெனிகள் சட்டம், 2013-ன் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. நலவாழ்வு அப்பணிகளுள் அடங்கும். ஆனால் கம்பெனிகள் தம் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள ஊர்களையே விரும்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தையும் கருவியையும் நாடுகின்றன. மனநலப் பணியில் பெருஞ்செலவு சம்பளமே என்பதைப் பொறுமையாக விளக்க நேரிடும். மனநலத்திற்கென்றே 2015-ல் தோன்றிய மரிவாலா மனநல முனைப்பு போன்ற அமைப்புகளிடம் இந்த விளக்கம் தேவைப்படுவதில்லை.

அயல்நாட்டு நிதிக்கு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். 2020-ல் செய்யப்பட்ட திருத்தம் மூன்று மாற்றங்களைக் கொணர்ந்தது. நிதி முதலில் புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றித்தருவது தடைசெய்யப்பட்டது. கடைசியாகச் சொன்னது சிறு நிறுவனங்களுக்கு மிக முக்கியமானது. முன்பு நகரத்துப் பெரிய நிறுவனம் நிதி பெற்றுச் சிற்றூர் நிறுவனத்திற்குப் பகிர்ந்தளிப்பதுண்டு. அம்முறை மனத்தில் இருந்தால் கூட்டு விண்ணப்பம் தொடக்கத்திலேயே பழுதாகிவிடும்.

ஆராய்ச்சிக்கு நிதி கோரும்போது

பணிக்கான விண்ணப்பமும் ஆராய்ச்சிக்கான விண்ணப்பமும் ஒன்றல்ல. முன்னது என்ன செய்வோம் என்று கூறுகிறது. பின்னது, நமக்கு இன்னும் தெரியாதது எது என்று கூற வேண்டும். பயன் உறுதி என்று முன்கூட்டியே எழுதிவிட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது பொருந்தாது.

கோவாவில் சங்காத் நிறுவனம் வெல்கம் அறக்கட்டளையின் உதவியுடன் நடத்திய மானஸ் ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 12 அரசு நிலையங்களும் 12 தனியார் மருத்துவர்களின் நிலையங்களும் அதில் சேர்க்கப்பட்டன. மருத்துவக் கல்வி பெறாத உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்கள் இரண்டு மாதப் பயிற்சி பெற்று, மனச்சோர்வும் பதற்றமும் உடையோருக்கு ஆலோசகர்களாகப் பணியாற்றினர். ஒப்பீட்டுக்குரிய நிலையங்களின் நோயாளிகளும் வெறுங்கையுடன் விடப்படவில்லை. பரிசோதனையின் முடிவு அவர்களுடைய மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 2010-ல் வெளியான முடிவின்படி, அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமடைந்தோர் 65.9 சதவீதம், ஒப்பீட்டு நிலையங்களில் 42.5 சதவீதம். தனியார் நிலையங்களில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அதுவும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. எந்தச் சூழலில் இம்முறை பயன்படும், எங்கே பயன்படாது என்பதே கொள்கை வகுப்போருக்குத் தேவையான செய்தி.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 99-ஆம் பிரிவின்படி, மனநோயுற்றோரிடம் நேர்காணல் நடத்துவதற்குக்கூட அவர்களின் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தர இயலாத நிலையிலுள்ளோர் தொடர்பாக மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இவை தவிர நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அயல்நாட்டு ஒத்துழைப்பு இருப்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வாயிலாகச் செல்லும் சுகாதார அமைச்சகத் தேர்வுக்குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். சிறு நிறுவனங்களுக்குச் சொந்த நெறிமுறைக் குழு இருப்பதில்லை. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வதே வழி. இவ்வொப்புதல்கள் மாதக்கணக்கில் நேரம் எடுப்பவை. கால அட்டவணையில் முதல் மாதமே நேர்காணல் தொடங்கும் என்று எழுதியிருந்தால், எழுதியவர் இப்பணியை முன்பு செய்ததில்லை என்று படிப்பவர் உணர்ந்துகொள்வார்.

அளவுகோல் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வை அளக்க ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியல் நாட்டின் பல மொழிகளில் பயன்பட்டு வருகிறது. அதன் மதிப்பெண் 0 முதல் 27 வரை. அதன் கடைசி வினா இறந்துவிடும் எண்ணத்தைப் பற்றியது. அவ்வினாவுக்கு ஒருவர் ஆம் என்று விடையளித்தால், கேட்ட ஊழியர் அன்று மாலைக்குள் யாரிடம் தெரிவிப்பார், அந்த மனிதரை யார் போய்ப் பார்ப்பார் என்பது விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பல விண்ணப்பங்களில் வினாப்பட்டியல் பிற்சேர்க்கையாக இணைந்திருக்கிறது. இந்த ஏற்பாடு இருப்பதில்லை. அதற்கான தொலைபேசிச் செலவும் வாகனச் செலவும் சிறு தொகையே. செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரி ஒதுக்குக.