அகராதியைப் படியெடுத்தவர்

பேசத் தெரிந்தவர் யாவரும் நூலைப் படித்துணர வல்லவர் என்று கருதுதல் கூடாது. நாவில் வழங்கும் மொழி வேறு. நூலில் வழங்கும் மொழி வேறு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அரசவையில் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்தியது. திருச்சபையிலும் கல்விக் கழகங்களிலும் இலத்தீன் வீற்றிருந்தது. உழவரும் தொழிலாளரும் தம் பழைய மொழியையே பேசி வந்தனர். ஆதலால், வீட்டிலும் வயலிலும் வழங்கும் சிறு சொற்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலச் சொற்களாகவும், கற்றோர் நூல்களில் பயிலும் நெடுஞ்சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றின் வழிவந்தனவாகவும் இன்றும் உள்ளன. முன்னவற்றைத் தாய்மடியில் கற்கலாம். பின்னவற்றை முயன்றே ஈட்டுதல் வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இதனை உணர்ந்து வருந்திய வரலாறு ஒன்று உண்டு.

மால்கம் என்பார் 1925ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் ஒமாகா நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளியில் அவர் சிறந்த மாணாக்கராகவே விளங்கினார். எட்டாம் வகுப்பில் பயிலும்போது, ஆசிரியர் ஒருவர், "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று வினவினார். வழக்கறிஞராக விரும்புவதாக மால்கம் விடையிறுத்தார். கறுப்பினத்தவனுக்கு அஃது ஒவ்வாத ஆசை என்றும், தச்சுத் தொழிலே தக்கது என்றும் ஆசிரியர் கூறினார். தச்சுத் தொழில் இழிந்ததன்று. ஆயினும், அச்சொல் அச்சிறுவனின் உள்ளத்தில் ஊன்றியிருந்த வேரை அறுத்துவிட்டது. அவ்வகுப்போடு அவர்தம் பள்ளிக்கல்வி முடிந்தது. பின்னர்ப் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தீய நெறியில் உழன்றார். கன்னமிட்டுத் திருடிய குற்றத்திற்காக 1946ஆம் ஆண்டில் சிறை புகுந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

அங்கே உடன்கைதி ஒருவர் இருந்தார். வலிமையாலன்றி, சொல்லாலேயே காவலரும் தம்மை மதிக்குமாறு செய்தவர் அவர். சிறை நூலகத்தைப் பயன்படுத்துக என அவரே மால்கமுக்கு அறிவுறுத்தினார். மால்கமும் நூல்களை எடுத்தார். ஆனால், ஒவ்வொரு வாக்கியத்திலும் பொருள் விளங்காத சொற்கள் குறுக்கிட்டன. அவற்றைத் தாண்டித் தாண்டிச் சென்று இறுதிப் பக்கத்தை அடைந்தபோது, அந்நூல் கூறியது யாது என்பது அவருக்கு விளங்கவில்லை. விளங்காத சொல்லைத் தாண்டுதல் மாணாக்கர் பலரிடத்தும் காணப்படும் வழக்கமே. தாண்டிய சொல்லிலேயே பொருளின் திறவுகோல் கிடக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை.

1948ஆம் ஆண்டில் மால்கம் நார்ஃபோக் என்னும் இடத்துச் சிறைக்கு மாற்றப்பட்டார். தம் உடன்பிறந்தார் பின்பற்றிய சமய இயக்கத்தின் தலைவர் எலைஜா முகம்மதுவுக்கு அவர் நாள்தோறும் மடல் எழுத விரும்பினார். தெருவில் பிறரைத் தம் பேச்சால் கட்டிப்போட்ட அவருக்கு, தாளில் ஒரு கருத்தைத் தெளிவாக எழுதுதல் இயலவில்லை. கையெழுத்தோ, வரியில் நேராக நில்லாமல் சரிந்தது. நாணமுற்ற அவர், சிறைப் பள்ளியிலிருந்து ஓர் அகராதியும், குறிப்பேடுகளும், பென்சில்களும் கேட்டுப் பெற்றார்.

இரண்டு நாட்கள் அகராதியை வெறுமனே புரட்டினார். இத்தனை சொற்கள் உலகில் உண்டோ என்னும் வியப்பும், எவற்றைக் கற்பது என்னும் மலைப்பும் அவரை ஆட்கொண்டன. இறுதியில், முதற்பக்கத்தை அப்படியே எழுதத் தொடங்கினார், நிறுத்தக்குறிகளையும் விடவில்லை. அதற்கு ஒரு பகல் முழுதும் சென்றது. எழுதியதனைத் தமக்குத் தாமே உரக்கப் படித்தார், மீண்டும் படித்தார். மறுநாள் விழித்ததும் அச்சொற்களே நினைவில் நின்றன. பொருள் மறந்தவற்றை மறுபடியும் பார்த்தார். எறும்புண்ணி போன்று கறையானைத் தின்னும், நீண்ட செவியும் வாலும் உடைய ஆர்டுவார்க் என்னும் ஆப்பிரிக்க விலங்கின் பெயர் அம்முதற்பக்கத்தில் இருந்தது. அது பிற்காலத்தும் அவர் நினைவை விட்டு அகலவில்லை. பக்கந்தோறும் புதிய மனிதரையும், ஊர்களையும், வரலாற்று நிகழ்ச்சிகளையும் கண்டார். முதலெழுத்தின் பகுதி ஒரு குறிப்பேட்டை நிரப்பியது. அடுத்த எழுத்துக்குச் சென்றார். கை பழகப் பழக வேகம் மிகுந்தது. இவ்வாறே அகராதி முழுவதையும் எழுதி முடித்தார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை நெட்டுருச் செய்தோர் இவ்வுழைப்பின் அருமையை நன்கு அறிவர்.

இவ்வழியை எல்லோரும் மேற்கொள்ளுதல் வேண்டுமோ எனில், வேண்டுவதில்லை. அகரவரிசையில் ஆர்டுவார்க் முன்னே நிற்கும். அதனை அறியாமலே ஒருவர் பொருளியலும் வேதியியலும் கற்றுவிடலாம். எத்துறை நூலிலும் பயின்று வரும் சொற்களையே முதலில் கற்றல் சிக்கனம். இதற்கெனவே நியூசிலாந்து நாட்டு அறிஞர் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பார், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளைச் சார்ந்த முப்பத்தைந்து இலட்சம் சொல் அளவுள்ள நூற்பகுதிகளை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அனலைஸ், அஸ்யூம், கான்செப்ட் போன்றவை அதில் அடங்குவன. அன்றாட வழக்கிலுள்ள ஏறத்தாழ 2000 சொற்குடும்பங்களை முன்னரே அறிந்தவர் இவற்றையும் கற்பாராயின், கல்வி நூல்களில் வரும் சொற்களில் மேலும் பத்திலொரு பங்கு அவருக்கு விளங்கும்.

குடும்பமாகக் கற்றலின் பயன் பெரிது. சொல்லுதல் என்னும் பொருளுடைய டிக்ட் என்னும் இலத்தீன் வேரை நோக்குக. முன்கூட்டிச் சொல்லுதல் ப்ரெடிக்ட். எதிர்த்துச் சொல்லுதல் காண்ட்ரடிக்ட். சொற்களைத் தொகுத்த நூல் டிக்ஷனரி. நீதிமன்றத்தில் நடுவர் குழு உண்மையெனச் சொல்லும் முடிவு வெர்டிக்ட். வேர் ஒன்று கைவந்தால் கிளைகள் பல தாமே வளைந்து வரும். மால்கமும் சிறையில் அஞ்சல் வழியே இலத்தீன் பயின்றார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயினும், பட்டியலோ அகராதியோ மட்டும் ஒருவரைப் புலவராக்கா. ஏட்டில் எழுதிய சொல்லை நூலில் மீண்டும் மீண்டும் சந்தித்தாலன்றி அது நிலைபெறாது. மால்கம் அச்சந்திப்புக்காக உறக்கத்தையே துறந்தார். நார்ஃபோக் சிறையில் வரலாறும் சமயமும் பற்றிய நூல்கள் நிறைந்த நல்ல நூலகம் இருந்தது. வில் டூரண்டு எழுதிய நாகரிக வரலாற்றையும், எச்.ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாற்றையும் அவர் படித்தார். காந்தியடிகள் நடத்திய விடுதலைப் போரைப் பற்றியும் படித்தார். தம் இனத்தார் அடிமைகளாக விற்கப்பட்ட கொடுமையை நூல்களில் கண்டபோது அவர் உள்ளம் நடுங்கியது. சிறையில் நடந்த சொற்போர்களிலும் கலந்து கொண்டார்.

இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பர். நடைவழியில் எரிந்த விளக்கின் மங்கிய ஒளி அறைக்குள் சிறிது வீசும். மால்கம் தரையில் அமர்ந்து அவ்வொளியிற் படிப்பார். மணிக்கொரு முறை காவலரின் காலடியோசை கேட்டதும் படுக்கையில் பாய்ந்து உறங்குவார்போலக் கிடப்பார்; ஓசை அகன்றதும் மீண்டும் நூலை எடுப்பார். வைகறை மூன்று, நான்கு மணிவரை இது நிகழும்.

1952ஆம் ஆண்டில் அவர் விடுதலை பெற்றார். மால்கம் எக்ஸ் என்னும் பெயரோடு தம் மக்களின் உரிமைக்காக முழங்கினார். எட்டாம் வகுப்போடு நின்ற அவர், 1964ஆம் ஆண்டு டிசம்பரில் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தின் சொற்போரில் உரையாற்றினார். அடுத்த பிப்ரவரியில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய படங்களில் நாம் காணும் மூக்குக்கண்ணாடி, குறையற்ற கண்களோடு சிறை புகுந்தவர், நடைவழி விளக்கின் மங்கிய ஒளியில் ஆண்டுக்கணக்காகப் படித்ததால் வந்தது என்று அவரே கருதினார்.