பூட்டலாமா, வேண்டாமா?

கேள்வி: வீட்டுக்கு நாஸ் பெட்டி வாங்கியிருக்கிறேன். டிஸ்க்குகளை என்க்ரிப்ட் செய்ய வேண்டுமா?

பதில்: சினிமாவும் பாட்டும் மட்டும் என்றால் விடுங்கள். பத்திர ஸ்கேன், வங்கி விவரம் இருந்தால் செய்யுங்கள், அதுவும் காலியாக இருக்கும்போதே. சினாலஜி நாஸில் 2023-இல் வந்த டிஎஸ்எம் 7.2 இயங்குதளம் முழு வால்யூமையும் என்க்ரிப்ட் செய்து பூட்டும். ஆனால் புதிதாக உருவாக்கும் வால்யூமை மட்டும்தான்.

பெரிய லாபம் வாரன்டியில். செத்துப்போன டிஸ்க்கை அழிக்கக்கூட முடியாது. உள்ளிருப்பதோடு அப்படியே திருப்பி அனுப்புவீர்கள். பூட்டியிருந்தால் கவலையில்லை. திருட்டு வேறு கதை. பூட்டைத் திறக்கும் சாவி அதே பெட்டிக்குள் இருந்தால், பெட்டியோடு தூக்கிப்போகிறவன் ஸ்விட்சைப் போட்டதும் வால்யூம் தானாகத் திறந்துகொள்ளும். அப்புறம் காவல் உங்கள் பாஸ்வேர்டு மட்டும்தான். ரான்சம்வேரையும் என்க்ரிப்ஷன் தடுக்காது.

மீட்புச் சாவியை அந்த நாஸுக்குள்ளேயே சேமித்துவிட்டு முழித்தவன் நான். இப்போது அது பென்டிரைவில், பீரோவில், பாஸ்போர்ட் உறைக்குள்.