டைனோ காட்டும் நம்பரை எப்படிப் படிப்பது?

"சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாத்தினா போதும், வண்டியில 10 எச்.பி. ஏறிடும்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் கேட்கலாம், அரியலூர் ரயிலடியிலும் கேட்கலாம். சத்தம் ஏறுவது நிஜம்தான், காதுக்கே தெரியும். எச்.பி. ஏறியதா என்று காது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மெஷின் இருக்கிறது. பெயர் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ. ஆனால் அது காட்டும் நம்பரைப் படிக்கத் தெரியாவிட்டால் அதிலும் ஏமாறலாம்!

முதலில் குதிரைத்திறன். நீராவி இன்ஜினை விற்க ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த அளவு இது. குதிரை கட்டி வேலை செய்தவர்களிடம் "என் இன்ஜின் இத்தனை குதிரைக்குச் சமம்" என்று சொன்னால்தானே புரியும்? அவர் கணக்குப்படி 1 எச்.பி. என்பது 746 வாட். கார் விளம்பரத்தில் வரும் பி.எஸ். கொஞ்சம் சின்னது, 735.5 வாட். அதாவது 75 கிலோவை ஒரு செகண்டில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன். இனி கணக்கெல்லாம் பி.எஸ்.ஸிலேயே போடுவோம், சுலபம்.

சரி, ஓடுகிற இன்ஜினின் திறனை எப்படி அளப்பது? 1821-ல் பிரான்ஸ் நாட்டு என்ஜினியர் ப்ரோனி ஒரு வழி சொன்னார். இன்ஜினை பிரேக் போட்டு இழு, எவ்வளவு இழுவை தாங்குகிறது என்று பார், அவ்வளவுதான். பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன்களைக் கேளுங்கள், கயிறு சுற்றிய டிரம் வைத்துச் செய்யும் சோதனையைச் சொல்வார்கள். இன்ஜினோடு சுற்றும் டிரம் மேல் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறு முனையில் ஸ்பிரிங் தராசு. கல் 14 கிலோ, தராசு காட்டுவது 2 கிலோ என்றால் இன்ஜின் எதிர்த்து இழுப்பது 12 கிலோ. டிரம் மையத்திலிருந்து கயிறு 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6.28 × 0.2 = 1.256 மீட்டர். நிமிஷத்துக்கு 1500 சுற்று என்றால் செகண்டுக்கு 25 சுற்று, அதாவது 31.4 மீட்டர். 12 × 31.4 = 376.8. இதை 75-ஆல் வகுத்தால் 5.02. நம்ம வயல் கிணற்று ஆயில் இன்ஜினில் "5 எச்.பி." என்று போட்டிருக்கிறதே, அது இதுதான்! அந்தத் திறன் முழுக்க உராய்வில் சூடாகப் போகிறது. அதனால்தான் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

காருக்கு இன்ஜினைக் கழற்ற முடியாது. அதனால் சக்கரத்தை உருளை மேல் ஏற்றிவிடுகிறார்கள். கரும்பு ஜூஸ் மெஷின் உருளை மாதிரி, ஆனால் பல நூறு கிலோ கனம். காரை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, முன்னால் பெரிய ஃபேன் வைத்து, ஒரே கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பார்கள். உருளையின் கனம் தெரியும். அது எத்தனை செகண்டில் எவ்வளவு வேகம் பிடித்தது என்று கம்ப்யூட்டர் பார்த்துத் திறனைச் சொல்லிவிடும்.

இங்கேதான் முதல் குழப்பம். 2016-ல் வந்த டாடா டியாகோ பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி சொன்னது 85 பி.எஸ்., 6000 ஆர்.பி.எம்.மில். இது இன்ஜின் தண்டில் அளந்தது. உருளையில் ஏற்றினால் 73 பக்கம் காட்டலாம். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா? இல்லை. கியர் பாக்ஸ், அச்சு, டயர் எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம் தின்றுவிடும். டிராக்டரிலும் இதே கதைதான். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தில் டிராக்டரைச் சோதிக்கும்போது பி.டி.ஓ. தண்டிலும் டைனமோமீட்டரை மாட்டி அளக்கிறார்கள். 45 எச்.பி. டிராக்டரின் பி.டி.ஓ.வில் சுமார் 38 கிடைக்கும். மக்காச்சோளம் அடிக்கும் மெஷினுக்கு வேண்டியது அந்த 38, பானெட்டில் எழுதிய 45 இல்லை. டிராக்டர் வாங்கும்போது வீட்டில் இதை ஞாபகப்படுத்துங்கள்.

இரண்டாவது குழப்பம் டார்க். நம்ம பாடப்புத்தகத்தில் திருப்பு விசை. அதே டியாகோவுக்கு அதிகபட்ச டார்க் 114 நியூட்டன் மீட்டர், 3500 ஆர்.பி.எம்.மில். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7022-ஆல் வகுத்தால் பி.எஸ். வரும். போட்டுப் பாருங்கள்: 57 தான்! 6000-ல் டார்க் 100-க்குக் கீழே இறங்கிவிடுகிறது, ஆனால் சுற்று அதிகம், அதனால் 85. "டார்க் அதிகம், ஆகவே பவர் அதிகம்" என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். காற்று! இன்ஜின் காற்றைக் குடித்துத்தான் ஓடுகிறது. மே மாசம் நம்ம ஊரில் 40 டிகிரி. 25 டிகிரியில் இருப்பதைவிட அந்தக் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு (298-ஐ 313-ஆல் வகுத்துப் பாருங்கள், கெமிஸ்ட்ரி பாடத்தில் வரும் வாயு விதிதான்). டர்போ இல்லாத இன்ஜினில் திறன் 3 சதவீதமாவது குறையும். 85-ல் அது இரண்டரை பி.எஸ். இப்போது ஒருவர் பழைய சைலன்சரோடு மத்தியானம் ஒரு தடவை அளந்துவிட்டு, புது சைலன்சரை மாட்டி மறுநாள் விடியற்காலையில் அளந்தால்? சைலன்சர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நம்பர் ஏறும்! டயர் காற்று, இன்ஜின் சூடு, பெல்ட் இறுக்கம் இதெல்லாம் மாறினாலும் நம்பர் ஆடும். அதனால் ஒழுங்காக அளப்பவர்கள் ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே கியரில், முன்னால் மூன்று தடவை, பின்னால் மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். வெப்பம், காற்றழுத்தம் இரண்டுக்கும் திருத்தம் போடுவார்கள். "ஏறிடுச்சு" என்று ஒரே ஒரு தாளைக் காட்டினால், "முந்தின தாள் எங்கே அண்ணே?" என்று கேளுங்கள்.

நிஜமாகவே திறனை ஏற்றிய கார் நம்ம தமிழ்நாட்டுச் சம்பந்தத்தோடு வந்தது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் ஜே.டி.பி. டியாகோவை விட்டார்கள். 85 இருந்த இடத்தில் 114 பி.எஸ்.! வெறும் சைலன்சரில் வந்ததில்லை. டர்போ வைத்த வேறு இன்ஜின், அதற்கேற்ற சஸ்பென்ஷன், அகல டயர். (2020-ல் விற்பனை நின்றுவிட்டது, பாவம்.) அதுவும் கம்பெனியே செய்தது. நாமாக வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

டைனோவுக்குப் பக்கத்தில் போக முடியாதவர்களுக்கு நம்ம ஸ்கூல் மாடிப்படி இருக்கிறது. படிகளை எண்ணுங்கள். ஒரு படியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பெருக்குங்கள். 26 படி, படிக்கு 15 செ.மீ. என்றால் 3.9 மீட்டர். 45 கிலோ எடையுள்ளவர் 4 செகண்டில் ஏறினால் 45 × 3.9 ÷ 4 = 43.9. இதை 75-ஆல் வகுத்தால் 0.59 பி.எஸ்., அரைக் குதிரைக்கு மேலே! மூன்று தடவை ஏறிச் சராசரி போடுங்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகும் மூன்று தடவை ஏறி, இரண்டு நம்பரையும் தேதி, நேரத்தோடு எழுதி பிசிக்ஸ் சாரிடம் கொடுங்கள். கீழே இறங்கும்போது மட்டும் ஓடாதீர்கள், பி.டி. சார் பார்த்தால் அது தனிக் கணக்கு.