ஹேண்டில்பார் கிரிப்: 'ரப்பர்' என்று மட்டும் சொல்லாதீர்கள்

சைக்கிள் உதிரிபாக கம்பெனிக்கு டிசைன் இன்ஜினியர் இன்டர்வியூவா? அம்பத்தூரோ லூதியானாவோ, மேசையில் ஒரு கிரிப்பை வைத்து "இதை எதில் செய்வீர்கள்?" என்று கேட்டால் திணறாதீர்கள். வெளியே காத்திருப்பவர்களில் பாதிப் பேர் "ரப்பர்" என்பார்கள். உங்கள் சான்ஸ் அங்கேதான்.

1. எதிர்க்கேள்வி கேளுங்கள். சைக்கிள் என்ன விலை, ஓட்டப்போவது யார்? விலை கேட்காமல் மெட்டீரியல் சொல்பவரை புரொடக்‌ஷன் ஆட்கள் மதிப்பதில்லை.

2. மெட்டீரியலைக் குறையோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிவிசி மலிவு, நாள்பட பிளாஸ்டிசைசர் வெளியே வந்து கையில் பிசுபிசுக்கும். சிலிகோன் ஃபோம் அதிர்வை நன்றாக வாங்கும். சைக்கிள் சாய்ந்து சுவரில் உரசினால் கிழியும். வல்கனைஸ் செய்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது, டிபிஇ-யை (தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்) உருக்க முடியும். கெட்டியான ஸ்லீவ் மேல் டிபிஇ-யை ஓவர்மோல்டிங் செய்வதும் சுலபம்.

3. "சாஃப்ட்டாக இருக்கணும்" என்பது கஸ்டமர் பேச்சு. நீங்கள் ஷோர் ஏ கடினத்தன்மை அளவில் பேசுங்கள். மென்மை கூடினால் பிடிப்பு கூடும், தேய்மானமும் கூடும். ஃபிளாட் பாரில் கிரிப் ஏறும் இடத்தின் விட்டம் 22.2 மி.மீ.; இது நாக்கு நுனியில் இருக்கட்டும்.

4. எக்ஸ்போர்ட் பேச்சு வந்தால் உஷார். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2015 டிசம்பர் 27 முதல், ஐரோப்பிய யூனியனில் விற்கும் பொருட்களில் தோலில் படும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பட்டியலில் உள்ள 8 பிஏஹெச் (பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்) ரசாயனங்களில் எதுவும் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விதி தரும் பொருட்களின் உதாரணப் பட்டியலில் சைக்கிளின் பெயரே இருக்கிறது. மலிவான பிராசஸ் ஆயிலிலும், கறுப்பு நிறத்துக்குப் போடும் கார்பன் பிளாக்கிலும் இவை ஒளிந்திருக்கும். "சப்ளையரிடம் லேப் ரிப்போர்ட் வாங்காமல் ஆர்டர் போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். பர்ச்சேஸ் மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார்.

5. லாக்-ஆன் கிரிப் என்றால் அலுமினிய காலர், ஆலன் போல்ட். கார்பன் பாரில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கக் கூடாது. எண்ட் பிளக்கை மறக்காதீர்கள். கீழே விழுந்தால் திறந்த குழாய் உடம்பைக் குத்திக் கிழிக்கும்.

இன்டர்வியூவுக்கு முன்னால் சைக்கிள் கடையில் விலை குறைந்ததில் ஒன்று, கூடியதில் ஒன்று என்று இரண்டு கிரிப் வாங்குங்கள். பிளேடால் நீளவாக்கில் அறுத்து, உள்ளே ஸ்லீவ் இருக்கிறதா, சுவர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அந்தத் துண்டுகளை ஃபைலோடு கையிலேயே எடுத்துப் போங்கள்.