விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தக் காசு கொடுக்கலாமா?

தேவையா, எதை வாங்குகிறோம், கொடுக்கும் காசுக்குப் பெறுமதி உண்டா? இந்த மூன்றையும் கேட்காமல் எந்த வர்த்தகரும் சரக்கு எடுப்பதில்லை. பிள்ளையின் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திருத்தித் தருவதாக ஒருவர் கட்டணம் கேட்கும்போதும் இதையே கேளுங்கள்.

தேவையா?

எமது அரச பல்கலைக்கழகங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியே பிரதானம், கட்டுரை கேட்பதில்லை. கட்டுரை கேட்கும் நாடுகளில் முக்கியமானவை பிரித்தானியாவும் அமெரிக்காவும். பிரித்தானியாவின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து மூன்று வினாக்களுக்கு, இடைவெளிகளும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் விடையளிக்க வேண்டும். அமெரிக்காவின் கொமன் அப் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். போட்டி கடுமையான இடங்களில் இவை கவனமாக வாசிக்கப்படும். ஆனால் குறைந்த பெறுபேற்றை நல்ல கட்டுரை மூடிவிடாது. முதற் செலவு பாடங்களுக்கே.

எதை வாங்குகிறோம்?

திருத்துவது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. எழுத்துப்பிழை காட்டுவது, "இந்த இடம் விளங்கவில்லை, விரித்து எழுது" என்று சொல்வது திருத்தம். மகனின் பெயரில் இன்னொருவர் எழுதுவது போலிச் சரக்கு. கொமன் அப் படிவத்தில் இது தனது சொந்த ஆக்கம் என்று மாணவரே உறுதியளித்து ஒப்பமிடுகிறார். யூகாஸ் ஒவ்வொரு விண்ணப்பக் கூற்றையும் ஏனையவற்றோடு மென்பொருள் மூலம் ஒப்பிட்டு, ஒத்திருந்தால் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கிறது. ஒரே அச்சில் பத்துப் பேருக்கு எழுதுபவரிடம் வாங்கினால், காசும் போகும், பிள்ளையின் பெயரும் கெடும்.

பெறுமதி உண்டா?

பல முகவர்கள் மாணவரிடம் கட்டணம் கேட்பதில்லை. பல்கலைக்கழகமே அவர்களுக்குக் கொமிஷன் கொடுக்கிறது. அதனால் தமக்குக் கொமிஷன் தரும் இடத்தையே அவர்கள் காட்டக்கூடும். எனவே, "உங்களுக்குப் பணம் தருவது யார்?" என்று நேராகவே கேளுங்கள்.

கட்டணம் செலுத்த முன் இலவச வழிகளைப் பாருங்கள். பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் இரண்டு தடவை வாசித்தாலே பெரும்பாலான குறைகள் தெரியும். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவினர் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகும் உதவி தேவைப்பட்டால்:

1. முதல் வரைவைப் பிள்ளையே எழுதி முடிக்கட்டும்.
2. என்ன செய்வார், எத்தனை தடவை பார்ப்பார், எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் பெறுங்கள்.
3. மணித்தியாலக் கணக்கில் சிறிய தொகையோடு தொடங்குங்கள். முழுப் பொதிக்கும் முற்பணம் வேண்டாம்.
4. "அனுமதி நிச்சயம்" என்பவரை விட்டு விலகுங்கள். அந்த முடிவு அவர் கையில் இல்லை.

கடைசிச் சோதனை வீட்டிலேயே நடக்கட்டும். திருத்திய கட்டுரையைக் கையில் எடுத்து, வரிக்கு வரி வாப்பா கேள்வி கேட்கட்டும். தாளைப் பார்க்காமல் பிள்ளை விளக்கினால், கொடுத்த காசு கல்விக்குப் போனது. தடுமாறினால், அந்தக் கட்டுரையை அனுப்ப வேண்டாம். பிள்ளையே மீண்டும் எழுதட்டும்.